முவைலா அடுப்பிலிருந்து மனாமா கடல் வரை

புதன்

திருச்சியில் விமானம் ஏறும்போதே எனக்குக் கோபம்தான். பஹ்ரைனின் தலைநகர் மனாமாவில் ஒரு தமிழ் வாசிப்பு வட்டம், ஞாயிற்றுக்கிழமை மாலை 1914 போரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தது. அதை ஒருங்கிணைக்கும் ரவி ஏசி மெக்கானிக்குகளுக்கு சூப்பர்வைசர், நல்ல மனிதர். நான் கிளம்பும் நேரம் பார்த்து ஒரு குரல் செய்தி அனுப்பினார். "டீச்சர், நம்ம ஆளுங்க டூட்டி முடிச்சுக் களைச்சுப்போய் வருவாங்க. யார் மேல தப்புன்னு ஒரே வரியில சொல்லி முடிச்சிட்டீங்கன்னா நல்லாருக்கும்." சிவகங்கைப் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான். கேள்வித்தாளும் இதைத்தான் கேட்கிறது. முதல் உலகப் போருக்கான காரணங்கள் யாவை, ஐந்து மதிப்பெண். முடியாது என்று ரவிக்குப் பதில் அனுப்பிவிட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

மனாமாவுக்கு முன் ஷார்ஜாவில் நான்கு நாள் தங்கலாம் என்று திட்டம். என் தம்பி முருகேசன் அங்கே முவைலாவில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறான். ஷட்டரிங் கார்ப்பென்டர், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடிக்கிறவன். ஆறு வருடம் ஆகிறது. இந்த மாதம்தான் ஃபோர்மேன் ஆக்குவதற்கு அவன் பெயர் மேலே போயிருந்தது. அதை ஊரில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன், அதுவும் கொஞ்சம் கூட்டித்தான்.

ஷார்ஜா விமான நிலையத்திலிருந்து முவைலா எட்டு கிலோமீட்டர்தான். டாக்ஸிக்கு முப்பத்திரண்டு திர்ஹம். ஓட்டியவர் பெஷாவர்க்காரர். எனக்கு இந்தி வராது, அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டதாகப் புரிந்தது. "போர் பற்றிப் பேச" என்பதை எப்படியோ கையை ஆட்டிச் சொன்னேன். "ஜங்? அச்சா அச்சா. கோன்சா ஜங், மேடம்?" எந்தப் போர் என்று கேட்கிறார். தேர்ந்தெடுக்கிற அளவுக்கு நிறைய இருக்கிறது அவருக்கு. நூறு வருடத்துக்கு முந்தியது என்றேன். சிரித்துக்கொண்டே மீட்டரை நிறுத்தினார்.

தங்கியது அங்கேயே வதனியின் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு டயர் கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர், தனியாக இருக்கிறார். மூன்று வருடமாக இணையத்தில் ஒரே வாசிப்புக் குழுவில் நானும் அவரும் சண்டை போட்டுச் சண்டை போட்டே நெருங்கிவிட்டோம். நேரில் பார்த்தது அன்றுதான். "உள்ள வாங்கோ ரீச்சர். சண்டையைப் பிறகு தொடங்குவம், முதல் தேத்தண்ணி குடியுங்கோ" என்றார்.

வியாழன்

மாலை ஏழரை மணி. கேம்ப்புகள் இருக்கும் தெருவின் முனையில் ஒரு மலையாளி டீக்கடை. திக்காகக் காய்ச்சிய கடக் டீ ஒன்றரை திர்ஹம், பரோட்டா ஒரு திர்ஹம். டூட்டி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. முருகேசன் குளிக்காமலேயே நேராக வந்தான். முழங்கை வரை சிமெண்ட். இளைத்திருந்தான். இளைத்துவிட்டாய் என்று சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால், "என்னடா, ஃபோர்மேன் ஆகப்போற, தொப்பையக் காணோம்" என்றேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மாவடு பாட்டிலை அவன் பையில் வைக்கப் போனேன். உள்ளே ஏதோ கனமாகக் கையில் இடித்தது. சுத்தியல்.

"இது எதுக்குடா? சைட்டுல வைக்கிற சாமான்தானே?"

"சும்மாக்கா."

"சும்மான்னா?"

"ஒம்போதாம் நம்பர் ரூம்ல எல்லாரும் கொண்டு வர்றாய்ங்க. அதான் நாங்களும்."

"ஒம்போதாம் நம்பர் எதுக்குக் கொண்டு வருது?"

"பதினொண்ணு கொண்டு வருதுல்ல."

"பதினொண்ணு ஏன் கொண்டு வருது?"

கொஞ்சம் யோசித்தான். "நாங்க கொண்டு வர்றோம்னுதான் இருக்கும்."

நான் சிரிக்கவில்லை. இதே வாசகத்தை, தாடி மீசையும் பதக்கமும் வைத்த அரசர்கள் சொன்னதாக, நான் ஒவ்வொரு ஜூலை மாதமும் பத்தாம் வகுப்பில் நடத்துகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு மாடிக்கு ஒரு சமையலறை. எட்டு அடுப்பு, பதினாறு ரூம். ஒவ்வொரு ரூமும் ஒரு மெஸ், ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடும். அடுப்பு யாருடையது என்பதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. டூட்டிக்குப் போகும்போது காலியான சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போனால், மாலையில் அந்த அடுப்பு உங்களுடையது. மற்றவன் சட்டியை யாரும் தொடக்கூடாது. தொட்டுத் தரையில் இறக்கி வைத்தால், அது சட்டியை இறக்கியது ஆகாது, அந்த ரூமையே இறக்கியது ஆகும். போன வாரம் பதினோராம் நம்பர்க்காரன் ஒருவன், காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் நம்பரின் சட்டியைத் தரையில் வைத்து ரசம் கொதிக்க வைத்துவிட்டான். ஒன்பதில் சேகர் என்று ஒருவன், கோபக்காரன். அன்றிலிருந்து இரண்டு ரூமும் பேச்சுவார்த்தை இல்லை.

"சரி, அது அவய்ங்க சண்டை. பதினாலாம் நம்பர்க்காரன் உனக்கு என்ன வந்துச்சு?"

"சேகருக்கு வார்த்த குடுத்துட்டேன்க்கா. உன் மேல கை வச்சா எங்க ரூமே வரும்னு. பதினொண்ணுக்கு மேல் மாடி தெலுங்கு ரூம் வருது. அவய்ங்க வந்தா நாங்க போகணும். நாங்க போனா பன்னெண்டாம் நம்பர் எங்களுக்கு வரும்."

"என்ன நடந்தாலும் வர்றேன்னு சொன்னியா?"

"ஆமா. அப்பத்தான் அவன் பயப்படாம இருப்பான்னு."

அவன் பயப்படாமல் இருந்ததுதான் வினையே. பின்னால் ஒரு மாடியே நிற்கிறது என்று தெரிந்த பிறகு சேகர் சமாதானத்துக்கு வந்த ஆட்களை எல்லாம் விரட்டி அடித்திருக்கிறான். 1914-லும் இதைத்தான் செய்தார்கள். ஆஸ்திரிய இளவரசரை ஒரு செர்பிய இனத்து இளைஞன் சுட்டுக் கொன்றான். சின்ன செர்பியாவைத் தண்டிக்க ஆஸ்திரியா துடித்தது. என்ன நடந்தாலும் வருகிறேன் என்று ஜெர்மனி அதற்கு வார்த்தை கொடுத்தது. செர்பியாவுக்கு ரஷ்யா, ரஷ்யாவுக்கு பிரான்ஸ். பிரான்ஸை அடிக்க ஜெர்மனி பெல்ஜியம் வழியாகப் போக, பெல்ஜியத்துக்குக் கொடுத்த வாக்கைக் காட்டி இங்கிலாந்து. இத்தனைக்கும் அன்றைய ஜெர்மானியப் பேரரசரும் இங்கிலாந்து மன்னரும் அத்தை மகன், மாமன் மகன். நம் முறைப்படி மச்சான்கள். இங்கிலாந்து மன்னருக்கும் ரஷ்ய மன்னருக்கும் தாய்மார்கள் கூடப் பிறந்த அக்கா தங்கை. உறவு ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை.

"எப்ப வச்சிருக்கீங்க இந்தத் திருவிழாவ?"

சனிக்கிழமை. ஞாயிறு லீவு என்பதால் சனி மாலை எல்லா ரூமும் கோழிக்குழம்பு வைக்கும், எட்டு அடுப்புக்கும் அடிதடி. யார் பஸ் முதலில் வருகிறதோ அவர்கள் கை ஓங்கும் என்று ஒன்பதாம் நம்பர் ரூம், சைட் ஃபோர்மேனிடம் சொல்லி அரை மணி முன்னால் கிளம்ப ஏற்பாடு செய்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு பதினொன்றும் முக்கால் மணி முன்னால் கேட்டிருக்கிறது. அன்றைக்கு ரயில், இன்றைக்கு டூட்டி பஸ். எதிரி கிளம்பிவிட்டான், நாம் தாமதித்தால் தோற்றோம் என்கிற பதற்றத்தில்தான் ஐரோப்பாவில் அத்தனை ராணுவமும் ரயில் ஏறியது. ஏறிய பிறகு இறங்கச் சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை.

கேம்ப்புக்குள் அடிதடி என்றால் யார் ஆரம்பித்தது என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. கையில் சுத்தியலோடு நின்ற எல்லோருக்கும் விசா கேன்சல். திரும்ப வரவும் முடியாது. நான் பையிலிருந்து சுத்தியலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"குடுக்கா. நாளைக்கு டூட்டிக்கு வேணும்." குரலைத் தாழ்த்தினான். "குடுத்த வார்த்தைய எப்படிக்கா திரும்ப வாங்குறது? பொட்டப்பயன்னு சொல்லுவாய்ங்க."

"சொல்லட்டுமே. நானும் அதுதான். எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

அவன் சுத்தியலை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான். டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

வெள்ளி

வதனிக்கு விடுமுறை. "ரீச்சர், இஞ்ச இருந்து பொருமிக்கொண்டு இருக்கிறதிலும் பார்க்க அல் ஐனுக்குப் போயிட்டு வருவம்" என்று காரை எடுத்தார். நூற்றைம்பது கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் மணல் செம்மண் நிறத்துக்கு மாறுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒட்டகங்கள் அவசரமில்லாமல் நிற்கின்றன. அல் ஐனில் பேரீச்சந்தோப்புக்குள் நடந்தோம், நுழைவுக் கட்டணம் கிடையாது. வாய்க்கால்களில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். பங்களாதேஷிலிருந்து வந்த ஒருவர் ஒரு பாத்திக்குப் பாய்ந்ததும் துணிப்பொதியால் அடைத்து அடுத்ததற்குத் திறந்துவிட்டார். நிழலும் தண்ணீர்ச் சத்தமும் இருந்தால் மனிதனுக்குக் கோபம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை.

கடைத்தெருவில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் ஓட்டலில் சாப்பாடு, பதினான்கு திர்ஹம். அங்கே உட்கார்ந்து வதனியிடம் கேட்டேன், கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்க உங்கள் ஊரில் என்ன வழி என்று. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்கட ஊரிலை சண்டைக் காலத்திலை எல்லாரும் கேட்டவை, நீ எந்தப் பக்கம் எண்டு. நான் ஒரு பக்கமும் இல்லை எண்டு சொன்னன். ரெண்டு பக்கமும் என்னைத் துரோகி எண்டிச்சினம். சொந்தச் சித்தப்பா பத்து வருசம் கதைக்கேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன? கதைக்காட்டிப் போகட்டும் எண்டு இருந்தன். சண்டைக்குப் போறதுக்கு எத்தினை பேரும் வருவினம் ரீச்சர். நிப்பாட்டிறதுக்கு ஒருத்தர் முதல் அவமானப்பட வேணும். அதுக்குத்தான் ஆள் கிடைக்கிறேல்லை." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி மோர்க்குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் இதை அப்படியே குரல் செய்தியாகத் தம்பிக்கு அனுப்பச் சொன்னேன். வதனி ஓட்டிக்கொண்டே தன் குரலில் அனுப்பினார். அவன் கேட்டுவிட்டான் என்று நீலக்குறி காட்டியது.

சனி

எனக்கு மனாமா விமானம் இரவு பதினொன்றரைக்கு. ஏழு மணிக்கே பெட்டியோடு கேம்ப் வாசலுக்குப் போய்விட்டோம். வாட்ச்மேன் நேபாளி, மரியாதையானவர். "மேடம், லேடீஸ் அந்தர் மாஃபி" என்றார். உள்ளே விடமாட்டார் என்பதற்கு இந்தியும் அரபியும் சேர்ந்து வந்தன. உள்ளே விட வேண்டாம், வெளியே நிற்கிறேன், தெரு உங்கள் கம்பெனியுடையதா என்று நான் தமிழில் கேட்டேன். அவருக்கு மொழி புரியவில்லை, என் முகம் புரிந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

பஸ்கள் வந்தன. இரண்டும் ஒரே நேரத்தில். அரை மணி முன்னால், முக்கால் மணி முன்னால் என்று கேட்டவர்கள் இருவரையும் ஃபோர்மேன் ஒன்றாகவே அனுப்பிவிட்டிருந்தார். ஆட்கள் ஓடினார்கள். ஓட்டத்தில் பைகளுக்குள் இரும்பு இடிபடும் சத்தம் கேட்டது. என்னைக் கடந்து ஓடியவர்களில் முருகேசன் இல்லை. அவன் கடைசியாக, நடந்து வந்தான். என்னைப் பார்த்தான். நிற்காமல் உள்ளே போனான்.

வதனி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேலே இரண்டாம் மாடி ஜன்னலில் புகையும் வெளிச்சமும் தெரிந்தன. பிறகு பல குரல்கள் ஒரே நேரத்தில் ஏறின. வாட்ச்மேன் ஃபோனைக் கையில் எடுத்தார், ஆனால் அழைக்கவில்லை. நானும் ஒரு பெரிய கூச்சலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. குரல்கள் அப்படியே இறங்கின.

கொஞ்ச நேரத்தில் முருகேசன் வெளியே வந்தான். கையில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி, கைத்துண்டால் பிடித்திருந்தான். உள்ளே மஞ்சளும் மிளகாயும் புரட்டிய கோழி.

"வேகலக்கா" என்றான்.

நடந்ததை நின்றபடியே சொன்னான். சேகரும் பதினோராம் நம்பர்க்காரனும் ஒரே அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பின்னால் சேகருக்கு மூன்று ரூம், மற்றவனுக்கு இரண்டு ரூம். எல்லோர் கையும் பைக்குள். இவன் நடுவில் போய், பக்கத்து அடுப்பில் அப்போதுதான் ஏற்றியிருந்த தன் ரூம் சட்டியை, பதினான்காம் நம்பர் சட்டியை, தானே எடுத்துத் தரையில் வைத்திருக்கிறான். அதன் பக்கத்தில் சுத்தியலையும் வைத்திருக்கிறான்.

"எங்க சட்டி கீழ இருக்குதுடா, பாத்துக்கங்க. அந்த அடுப்ப யார் வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு சொன்னேன். சேகருட்ட, நான் குடுத்த வார்த்தைய எடுத்துக்கிட்டேன், ஒன் சட்டிக்கு நான் வரமாட்டேன்னுட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவான். துப்புனான்."

தன் சட்டியைத் தானே இறக்கியவனை யாரும் அதுவரை பார்த்ததில்லை. பன்னிரண்டாம் நம்பர், பதினான்கே வரவில்லை நமக்கென்ன என்று திரும்பிப் போனது. அதைப் பார்த்துத் தெலுங்கு ரூம் மாடி ஏறியது. கடைசியில் சொந்த ரூம்காரர்களும் பின்வாங்க, சேகரும் பதினோராம் நம்பர்க்காரனும் மட்டும் ஓர் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் பிடித்த அடுப்பில் எதையும் வைக்க முடியாது என்பது அவர்களுக்கே தெரிந்து, காலி அடுப்புக்கு ஒருவன் நகர்ந்தான். யார் நகர்ந்தது என்று முருகேசன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் அவன் ரூம்காரர்கள் அவனை மெஸ்ஸை விட்டு நீக்கிவிட்டார்கள். ரூமின் மானத்தைத் தரையில் வைத்தவனோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்களாம். அந்தக் கோழியும் வேண்டாமாம்.

"தாங்கோ இஞ்ச" என்று வதனி சட்டியை வாங்கினார். "என்ரை அடுப்பு சும்மாதானே கிடக்குது." அவர் வீட்டில் முக்கால் மணி நேரத்தில் குழம்பு இறங்கியது. உப்பு தூக்கலாக இருந்தது. மூன்று பேரும் நிறையச் சாப்பிட்டோம். விமான நிலையத்துக்கு அவனும் வந்தான். உள்ளே போகும் முன், "நீ செஞ்சது பெரிய காரியம்டா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "போக்கா, விமானத்த விட்ருவ" என்று தள்ளிவிட்டான்.

ஞாயிறு

மனாமாவில் தங்குமிடம் குதைபியாவில். ஓட்டல்களும் தையற்கடைகளும் நகைக்கடைகளும் நெருக்கியடித்த தெரு. காலையில் இட்லி வடை எண்ணூறு ஃபில்ஸ், ஒரு தினாருக்கும் கீழே. பிறகு ரவி என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நான் பார்க்க விரும்பியது அந்தத் தண்ணீரைத்தான். 1914 அக்டோபரில் இந்தியாவிலிருந்து சிப்பாய்களை ஏற்றிவந்த கப்பல்கள் பஹ்ரைனுக்கு அருகே நங்கூரம் போட்டு நின்றன. துருக்கி இன்னும் போரில் சேரவில்லை, சேரும் என்று காத்திருந்தார்கள். சேர்ந்ததும் வடக்கே ஈராக் கரையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தச் சிப்பாய்களில் யாரும் யாருக்கும் வார்த்தை கொடுத்தவர்கள் இல்லை. வார்த்தை கொடுத்தவர்கள் ஐரோப்பாவில் மாளிகைகளில் இருந்தார்கள். அந்தச் சிப்பாய்களில் நம் ஊர்க்காரர் யாராவது இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் ஆஸ்திரியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு மறுபடி கோபம் வந்தது. தண்ணீர் பச்சையாக, அமைதியாக இருந்தது.

மாலையில் ஒரு மொட்டைமாடி அறையில் முப்பது பேர் இருந்தார்கள். ரவி சொன்னது சரி, களைத்துத்தான் வந்திருந்தார்கள். நான் கூட்டணிகளின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எட்டு அடுப்பு, பதினாறு ரூம் என்று ஆரம்பித்தேன். ஒருவரும் தூங்கவில்லை. சட்டியைத் தரையில் வைத்த இடத்தில் பின்வரிசையில் ஒருவர் "அய்யோ" என்றார். அவரும் ஏதோ ஒரு கேம்ப்பில் இருக்கிறவராகத்தான் இருக்க வேண்டும்.

முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். "போர்ங்கிறது தானா வர்றதும்மா. அந்த நேரத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும்."

"தானா வர்றதுக்கு அது என்ன மழையா, ஐயா?" என்றேன். குரல் கொஞ்சம் கூடிப்போனது. "ஒவ்வொரு நாளும் ஒருத்தர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு நாளும் இன்னொருத்தர் போடாம இருந்திருக்கலாம்."

ரவி விடவில்லை. "அப்ப யார் மேலதான் டீச்சர் தப்பு? ஒரு வரியில."

யோசித்துப் பார்த்தால், என்னிடம் இப்போது ஒரு வரி இருந்தது. "சண்டையை ஆரம்பிச்சவன் மேலயும் தப்பு, என்ன நடந்தாலும் வர்றேன்னு சொன்னவன் மேலயும் தப்பு. ஆனா அத்தனை ராஜாக்கள்ல, அத்தனை மந்திரிகள்ல, ஒருத்தர் கூடத் தன் சட்டியைத் தானே எடுத்துக் கீழ வைக்கல."

கூட்டம் கலைந்து நாற்காலிகளை மடக்கும்போது தம்பியைக் கூப்பிட்டேன். ஃபோர்மேன் வேலைக்குப் போன தன் பெயர் இன்னும் மேலேதான் இருக்கிறது, யாரும் எதையும் மேலிடத்துக்குச் சொல்லவில்லை என்றான். மெஸ்ஸில் இன்னும் சேர்க்கவில்லை. தனக்கென்று ஒரு சின்னச் சட்டி வாங்கிவிட்டானாம். இன்று காலை அதை ஓர் அடுப்பில் வைத்துவிட்டு முடிவெட்டப் போயிருக்கிறான்.

"திரும்பி வந்தப்ப தரையில கெடந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. வச்ச எடத்துலயே இருந்துச்சு. அந்த அடுப்ப ஒரு பயலும் தொடல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சமைச்சேன். தனியாத்தான் சாப்பிட்டேன்."

"நல்லா சாப்பிடுடா" என்றேன். "வயிறு நிறையச் சாப்பிடு."